பத்துத் தோட்டா

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாள் மருமகள். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் படத்தை மாமியாரே ஆணி அடித்து மாட்டிக் கொடுத்திருந்தார். அதோடு விட்டாளா? எந்தப் படை, எந்த ஊர் என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுத வேண்டுமாம். ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டாள். வீட்டு விலாசத்தையே கொடுத்தாள், புத்திசாலி!

போன வாரம் அங்கிருந்து குமாஸ்தா போன் செய்தார்.

"மில் வாசல்ல ஸ்டிரைக் பண்ணவங்களைச் சுட்டாங்கல்ல, அந்த வரிசையில உங்க தாத்தா நின்னிருக்காருங்க. சாயங்காலம் ஒவ்வொருத்தர்கிட்டயும் மிச்சத் தோட்டாவை எண்ணி எழுதியிருக்காங்க. நகலைத் தபால்ல அனுப்பிட்டேன்."

அந்த மில் வாசலில்தான் மாமியாரின் தாத்தா குண்டடிபட்டுச் செத்தார். அவருடைய சட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. ஊரார் கிழிசலையெல்லாம் தைத்துக் கொடுக்கும் மாமியார், அந்தச் சட்டையின் ஓட்டையை மட்டும் தைத்ததில்லை. "சுட்டவன் வம்சத்துல யாராவது வாசல்ல வந்து நின்னா பச்சத்தண்ணி குடுக்க மாட்டேன்" என்பார்.

தாயில்லாமல் வளர்ந்த மருமகளை அவர் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். அது போய்விடக் கூடாதே!

ஒரு வாரமாகத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பார்த்துக் குளிக்கப் போனாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், தையல் மெஷின் முன்னால் மாமியார். கையில் பிரித்த கவர்.

"உன் தாத்தா காகிதம் வந்துருச்சு கண்ணு. எல்லாம் இங்கிலீஷ். படி, கேப்போம்."

ஒரே தாள்தான். தேதி, மில் பெயர், வரிசையாகச் சிப்பாய்கள். தாத்தா பெயருக்கு நேரே கொடுத்தது 10, திரும்பி வந்தது 6. அந்த வரியில் அவளுடைய ஈர விரல் அழுந்திப் பதிந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல அத்தை. எங்கயோ கிடங்குல காவலாம். துப்பாக்கியைத் தூக்கினதே இல்லையாம். பத்து தோட்டா குடுத்தாங்களாம், பத்தையும் அப்படியே திருப்பிக் குடுத்துட்டாராம்."

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? பயத்தில் வாய் தானாக உளறிவிட்டது.

மாமியார் தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டினார். கழுத்தில் டேப் தொங்கியது.

"எழுத்துதான் எனக்குத் தெரியாது. நம்பர் தெரியும். நாப்பது வருஷமா டேப் பிடிக்கிறவ நான்."

சாக்பீஸ் படிந்த விரல் முதலில் தேதிமேல் நின்றது. ஒவ்வொரு வருஷமும் அவர் மெஷினைத் தொடாத தேதி அது. விரல் மெல்லக் கீழே இறங்கி, மருமகளின் ஈர விரல் பதிந்த அந்த வரிக்கு வந்தது. பத்தைத் தொட்டது. ஆறில் நின்றது.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மருமகளின் ஈரத் தலையிலிருந்து தண்ணீர் முதுகில் வழிந்தது.

"மிச்சம் நாலு எங்க?" என்று கேட்டார் மாமியார்.

கண்ணு என்று சொல்லவில்லை.