என் ஸ்டேஷனில் ஆள் இல்லை

ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துத் தொங்கி, என் வேலையில் மண்ணைப் போட்டார்கள். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனி. நாலு வருஷமாக நான் அங்கே காண்ட்ராக்ட். டீம் லீடர் தேர்வில் தேறினால் பர்மனென்ட். எழுத்துத் தேர்விலும் மெஷின் தேர்விலும் தேறிவிட்டேன். கடைசியாக என் வேலையைப் பற்றி இங்கிலீஷில் பேச வேண்டும். 'ஐ டார்க் த போல்ட்' என்று ஆரம்பித்தேன். சீட்டுக்கு அடியில் இருக்கிற போல்ட்டைச் சொன்ன அளவுக்கு முறுக்குவதற்கு எங்கள் லைனில் அதுதான் பேச்சு.

ஹெச்.ஆர். ஜெபக்குமார் சார் கையைக் காட்டி நிறுத்தினார். டார்க் என்றால் முறுக்கு விசையாம், அது பெயர்ச்சொல்லாம். அதை வினைச்சொல்லாக்குவது படிக்காதவர்கள் பழக்கமாம். ஃபெயில் போட்டுவிட்டார். எங்கள் லைனில் நாங்கள் எந்த வார்த்தையைத்தான் விட்டுவைத்தோம்? டேக் பண்ணு, ஸ்கிராப் பண்ணு, டிராலி பண்ணு. பின்னால் ஒரு 'பண்ணு' சேர்த்தால் வேலை ஓடுகிறது. காரும்தான் ஓடுகிறது.

எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிற சில்வியா மேடம் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். மறுநாள் மத்தியானம் நேராக சார் ரூமில் போய் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் லைனுக்கு போன் வந்தது. சூப்பர்வைசர் வனமாமலை அண்ணன் ஓடி வந்தார். திருநெல்வேலிக்காரர்.

"ஒன்ன ஹெச்.ஆர்.ல உடனே வரச் சொல்லுதாவ. போ."

"ரிலீவர் இல்லாம எப்டிண்ணே போறது?"

"நீ போம்மா, நான் ஆள் அனுப்புதேன். சார் கெடந்து கத்துதாரு."

மாற்று ஆள் வந்து கையில் இருக்கிற போல்ட் முறுக்கும் கன்னை வாங்கிக்கொண்டால்தான் ஸ்டேஷனை விட்டு நகரலாம். பாத்ரூமுக்கும் அதே சட்டம்தான். ஆள் வராமல் அடக்கிக்கொண்டு நின்ற நாளெல்லாம் உண்டு. அன்றைக்குப் போனேன்.

உள்ளே என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆயில், ஹேமர், போல்ட் எல்லாமே பெயர்ச்சொல்தான் சார். வினையாவும் வருது. தினமும் மெயில்ல 'ப்ளீஸ் ஆக்‌ஷன் திஸ்'னு எழுதறீங்களே, அது என்ன?"

"அது கார்ப்பரேட் இங்கிலீஷ் மேடம்."

"நீங்க எழுதினா கார்ப்பரேட். அமலா பேசினா படிக்காதவ பேச்சா?"

எனக்குக் கைதட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். ஆனால் அவர்கள் விடுவதாக இல்லை. ஆளுக்கொரு செல்லில் டிக்‌ஷனரியைத் தேடினார்கள். இப்படி ஆளாளுக்கு இஷ்டத்துக்கு மாற்றினால் மொழி என்னத்துக்கு ஆகும் என்றார் சார். மாறாத மொழி எது, ஒன்றைக் காட்டுங்கள் என்றார் மேடம். டீ வந்தது, இரண்டு கப். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சார், லைன்ல ஆள் இல்ல. நான் போவட்டா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "ஒரு நிமிஷம்மா" என்றார்கள் இருவரும். அதில் மட்டும் ஒற்றுமை.

கடைசியில் சார் இறங்கி வந்தார். ஃபெயிலை அடித்துவிட்டு பாஸ் போட்டார். "ஜெயிச்சுட்டோம் அமலா!" என்று மேடம் என் தோளைத் தட்டினார்.

திரும்பி வந்தால் லைனை நிறுத்தி வைத்திருந்தார்கள். ரிலீவர் வரவே இல்லை. முறுக்கிய போல்ட் தலையில் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போடுவது என் வேலை. கோடு இல்லாத சீட்டுகள் என் ஸ்டேஷனைத் தாண்டி, கடைசி செக்கிங் வரைக்கும் வரிசையாகப் போய் நின்றன. "நான் ஆள் அனுப்புததுக்குள்ள அவளே போயிட்டா சார்" என்று வனமாமலை அண்ணன் மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் மறுபடி அதே ரூம். ஸ்டேஷனை விட்டுப் போனதற்கு வார்னிங். வார்னிங் வாங்கினவளுக்கு டீம் லீடர் கிடையாது.

"நீங்கதானே சார் கூப்ட்டீங்க?"

"கூப்பிட்டா? ரிலீவர் வந்தப்புறம்தானே வரணும். ரூல் தெரியாதா உனக்கு?"

கிளம்புவதற்காக சில்வியா மேடம் பையோடு வாசலில் நின்றிருந்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

"மேடம், நீங்க இங்கதானே இருந்தீங்க. ஆள் இல்லன்னு நான் கேட்டேன் இல்ல? சொல்லுங்க மேடம்."

அவர் சாரைப் பார்த்தார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அது ப்ரொடக்‌ஷன் விஷயம் அமலா. அதுல நான் தலையிட முடியாது. மனசு தளராதே. உன் இங்கிலீஷ் சரிதான்னு ஒத்துக்கிட்டாங்களே!"

"அந்த இங்கிலீஷ நீங்களே வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க மேடம். எனக்கு இன்னாத்துக்கு?"

கத்தித்தான் சொன்னேன். கீழே கார் வந்துவிட்டது என்று மேடம் போய்விட்டார். அந்த சீட்டுகள் அத்தனையையும் கவிழ்த்துப் போட்டு, முறுக்கி, கோடு போட்டுவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் சார். அதைச் சுத்தமான தமிழில் சொன்னார்.