டெல்பின் லேப்டாப்பின் இரண்டாவது கிராபிக்ஸ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கவே இல்லை. என் லேப்டாப் மடியைச் சுட்டது, அவ்வளவுதான். அதில் கிராபிக்ஸ் சிப் இரண்டு. எழுதப் படிக்கச் சின்னது. பெரிய படவேலை வந்தால் தானே விழித்துக்கொள்ளும் இன்னொன்று. தினப்படி வேலைக்கு எதற்கு, பெரியதை அணைத்துப் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனைக்குள் டெல்பின் என்றொருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். யார் கூப்பிட்டது இவளை?

2

[திருச்சி காட்டூரில் ஒரு மழைநாளில், விதவையான டெல்பின்... வேண்டாம். அந்தச் சொல்லை அவள்மேல் ஒட்ட எனக்குப் பிடிக்கவில்லை.]

டெல்பின் காட்டூர் வீட்டிலிருந்தபடி பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தருகிறாள். அதுதான் பிழைப்பு. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரி பாதி வகுப்பிலேயே கைவிரித்துவிடும். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெற்றோர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதே லேப்டாப்பில்தான் அவள் கணவன் பிரவீன்ராஜ் வரைந்த வீடும் இருக்கிறது. கட்டட வரைபடம் போடுகிறவன். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் கட்ட நினைத்த வீடு. அஸ்திவாரம் தோண்டுவதற்குள் இறந்துபோனான். மவுஸை நகர்த்தினால் அந்த வீட்டுக்குள் நடக்கலாம். காற்றே இல்லாமல் திரைச்சீலை அசையும். தரையில் வெயில் மெல்ல நகரும். மாடியேறினால் ஜன்னலோரம் அவனே நிற்பான். உயரம் புரிவதற்காக ஓர் ஆளுருவம் வைப்பது அந்தத் தொழில் வழக்கம்; இவன் தன்னையே வைத்துக்கொண்டான்.*

* அவளையும் பக்கத்தில் வைத்திருக்கலாம். ஏன் வைக்கவில்லை என்று எனக்கும் தெரியாது. அவன்மேல் கோபமாகத்தான் இருக்கிறது.

3

கொழுந்தன் பெனடிக்ட் வந்து, பேட்டரி தாங்கட்டும் என்று அவள் லேப்டாப்பிலும் இருந்த பெரிய சிப்பை அணைத்துக் கொடுத்தான். வகுப்பு முழுசாக ஓடியது. வீடுதான் திக்கித் திணறிப் பாதிப் படியில் நின்றுவிட்டது. டெல்பின் அன்று சாப்பிடவில்லை. மறுநாளே பழையபடி போட்டுத் தரச் சொன்னாள்.

போட்டுவிட்டு அவன் எதையோ தோண்டித் துருவிப் பார்த்தான். (இங்கேயே அவனை அனுப்பிவிட்டிருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.)

"அண்ணி, இத அணைக்கவே வேணாங்க. வேலை இல்லன்னா தானா தூங்கிடும். நீங்க கிளாஸ் எடுக்குறப்ப பின்னாடி அண்ணனோட வீடு தொறந்தே கெடக்கு. அதான் பேட்டரியக் குடிக்குது. அத மூடிட்டு எடுங்க, போதும்."

டெல்பின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு உள்ள இருக்காரு தம்பி. எப்படி மூடுறது?"

பெனடிக்ட் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து போய்விட்டான்.

4

[சிரித்துக்கொண்டே மூடினாள். சுத்தப் பொய்.]

[மூடவில்லை, வகுப்பே வேண்டாமென்று... சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?]

சாயங்கால வகுப்பு. கரண்ட் இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் குட் ஈவினிங் மிஸ் சொல்கிறார்கள். வீட்டை மூடும் பெருக்கல் குறிமேல் மவுஸ் நிற்கிறது. என்னால் ஆகாது. முடிந்தால் நீங்கள் அழுத்துங்கள். அதற்கு முன்னால் மாடியேறிப் போய் அவனிடம் ஒரு வார்த்தை, அவளுக்காக, போயிட்டு வரேன் என்று சொல்லிவிடுங்கள்.