மூழ்காத சேறு

திருவொற்றியூரில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றின் கழிவுநீர் நிலையத்தில் அஜீசா கெமிஸ்ட். அன்று காலை அவள் வருவதற்குள் ஆபரேட்டர் ஜெயவேல் வாசல் கேட்டுக்கே வந்துவிட்டார்.

“மேடம், சேறு முச்சூடும் மெதந்துகினு கீது.”

தெளியவைக்கும் தொட்டியில், அடியில் படிய வேண்டிய பழுப்புச் சேறு கட்டிகட்டியாக மேலே கிடந்தது. கழிவைத் தின்னும் பாக்டீரியாக்கள்தான் அந்தச் சேறு. காற்று போதாமல் செத்துவிட்டனவோ என்று பயந்து, காற்றடிக்கும் புளோயரின் வேகத்தைக் கூட்டச் சொன்னாள். மறுநாள் இன்னும் அதிகமாக மிதந்தது.

“செத்திருந்தா கலீஜா நாறணுமே மேடம்? நாத்தமே இல்ல.”

அதுதான் அவளுக்கும் புரியவில்லை. ஒரு ஜாடியில் சேற்றுநீரைப் பிடித்து வைத்தாள். அழகாகப் படிந்தது, மேலே நீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஜாடியில் படிவது தொட்டியில் ஏன் படியவில்லை?

மேனேஜர் போனில் கத்தினார். இன்றைக்குள் தெளியாவிட்டால் மீன் வெட்டும் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்றார். பேசிவிட்டுத் திரும்பினால், ஜாடியில் சேறு மொத்தமும் மேலே ஏறியிருந்தது.

“யாருண்ணே இதைத் தொட்டது?”

“யாரும் கிட்டகூட போவல.”

கம்பியால் கலக்கினாள். பொடிப்பொடியாய்க் குமிழிகள் வெடித்தன. சேறு மெல்ல இறங்கியது. உடனே நைட்ரேட் அளந்தாள். தொட்டிக்குள் வரும் நீரில் ஏராளம். அடிச்சேற்று நீரில் அனேகமாக இல்லை. நம்பாமல் மறுபடி அளந்தாள். அதேதான்.

“அண்ணே, இதுங்க சாகல. அடியில ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட்டை வெச்சு மூச்சு விடுதுங்க. அதுல வர்ற நைட்ரஜன் வாயுதான் சேத்தைத் தூக்குது.”

“அப்ப நாம காத்த கூட்டுனது?”

“மீன் கழிவுல இருக்கிற அம்மோனியா, காத்து கூடக்கூட நைட்ரேட்டாயிடுது. நான்தான் இன்னும் ஊட்டியிருக்கேன்.”

ஜெயவேல் தலையைச் சொறிந்தார். “காத்து இல்லாங்காட்டியும் உயிரோட கீதா? இன்னா மேடம் சொல்றீங்க?”

சொன்ன அவளுக்கே வினோதமாகத்தான் இருந்தது. ஆனாலும் காற்றைக் குறைத்தார்கள். சேறு அடியில் தங்காதபடி பம்பை வேகமாக ஓட்டி வெளியே இழுத்தார்கள். சாயங்காலத்துக்குள் தொட்டியின் பாதி தெளிந்தது. வேலை நிற்கவில்லை.

“போன வருஷமும் இதே மீனு, இதே பம்புதான் மேடம். அப்போ ஏன் மெதக்கல?”

இந்த வருஷ வெயிலில் இவை இன்னும் வேகமாக மூச்சு விடுகின்றனவோ? அஜீசா தண்ணீரையே பார்த்தாள்.

“தெரியலண்ணே,” என்றாள்.