பின்பக்கம் பூசாத கண்ணாடி

"தங்கச்சி போட்ட பூச்சுலதான் ஏதோ கோளாறுங்க. சின்னப் பொண்ணு, கவனம் பத்தாது" என்று அண்ணன் வாய் கூசாமல் சொன்னான்.

சின்னப் பொண்ணுக்கு வயது முப்பத்தெட்டு. காற்றை உறிஞ்செடுத்த தொட்டிக்குள் கண்ணாடியை வைத்து, கண்ணுக்கே தெரியாத மெல்லிய அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, வேண்டிய ஒளியை மட்டும் உள்ளே விடும் வடிகட்டியாக்குவது அவள் வேலை. கண்ணாடி வாங்குவது, ஆர்டர் பிடிப்பது, பேசுவது மூன்றும் அண்ணனுடையவை. மூன்றாவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

எதிரே இருந்த அம்மாள் சுரங்கங்களுக்கு விஷவாயு காட்டும் கருவி செய்கிறவர். நான்கு வடிகட்டிகளை மேசையில் வைத்தார்.

"ஒரு நேரம் வாயு இருக்குன்னு காட்டுது, அடுத்த நிமிஷம் இல்லைங்குது. உங்க பரிசோதனையில மட்டும் எப்படி சரியா வந்துச்சு?"

"பல்பு வெளிச்சத்துல பாத்தோம். குறை சொல்ல இடமே இல்லைங்க."

தங்கைக்குச் சுருக்கென்றது. கருவிக்குள் இருப்பது லேசர். அதை எவனாவது பல்பில் பார்த்து அனுப்புவானா? ஒரு வடிகட்டியை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெறும் கண்ணாடி, ஜன்னல் அதில் பளிச்சென்று தெரிந்தது. பிரதிபலிப்பைக் கொல்லும் பூச்சு அங்கே கட்டாயம் வேண்டும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னதற்கு, வெளியே கொடுத்துப் பூசிக்கொள்கிறேன் என்றுதான் அண்ணன் வடிகட்டிகளைத் தூக்கிப் போனான். கொடுக்கவே இல்லை. அடப்பாவி!

"லேசரைக் கொண்டாந்திருக்கீங்களா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டாள்.

லேசர் வடிகட்டியைக் கடந்து, ஒளியை அளக்கும் மீட்டரில் விழுந்தது. கண்ணாடியின் ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் சூடு ஏற ஏற, எண் ஏறியது, சரிந்தது, மறுபடி ஏறியது. லேசரை எடுத்துவிட்டுப் பல்பை வைத்தாள். எண் ஆடாமல் அசையாமல் நின்றது.

"பல்பு வெளிச்சம் சந்தைக் கூட்டம் மாதிரிங்க. என் பூச்சு ரொம்ப மெல்லிசு. அந்தக் கொஞ்ச தூரத்துக்குக் கூட்டமும் சேந்து நடக்கும், அதனால வடிகட்டி வேலை செய்யுது. கண்ணாடியோட முழுக் கனத்தையும் தாண்டித் திரும்புறதுக்குள்ள கலைஞ்சிரும். லேசர் கலையாது. முன்பக்கம் பட்டுத் திரும்புற ஒளியும் பின்பக்கம் பட்டுத் திரும்புற ஒளியும் ஒண்ணை ஒண்ணு தூக்கிவிடும், இல்லன்னா அமுக்கிடும். கொஞ்சம் சூடு மாறினா எல்லாம் தலைகீழ். பின்பக்கம் பூசியிருந்தா அங்க பட்டுத் திரும்புற ஒளியே இருக்காது, பூசவே இல்லைங்க."

"வீட்டு விஷயத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறியா?" அண்ணன் பல்லைக் கடித்தான்.

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ இந்த நாலு மட்டும் இல்லையா? ஆடுனதை மட்டும்தான் எடுத்துட்டு வந்தேன். மத்ததை மாட்டி, சுரங்கத்துக்குள்ள இறக்கியாச்சே."

"எல்லாம் ஒரே கண்ணாடிங்க. முதல்ல ஆளுங்களை மேல வரச் சொல்லுங்க."

அம்மாள் ஃபோனை எடுத்துச் சுரங்கத்தைக் கூப்பிட்டார். அண்ணன் நகத்தைக் கடித்தான். அவளுக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. பழியைத் தன் தலையில் போட்டதைக்கூட விட்டுத்தொலைக்கலாம். பூச்சில் கோளாறு என்ற பேச்சை நம்பி இந்த அம்மாள் நாலே நாலு வடிகட்டியை மாற்றிக்கொண்டு போயிருந்தால்? மற்றவற்றை நம்பி மூச்சு விடுகிறவர்கள் என்ன ஆவார்கள்? அதை இவன் ஒரு நொடி நினைத்தானா?

வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் சுரங்கத்துக்குக் கிளம்ப, வண்டியைத் திருப்ப வெளியே போனார்.

அண்ணன் பெருமூச்சு விட்டான். "அதான் ஒண்ணும் ஆகலையே. எதுக்கு இந்த ஆட்டம் ஆடுறே? ஆர்டர் போச்சு. கூடப் பொறந்தவளே குழி பறிச்சா நான் யாருகிட்ட போய்ச் சொல்ல?"

அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். பிறந்ததிலிருந்து அவன்மேல் கை வைத்தவளில்லை.

"சுரங்கத்து வாசல்ல நிக்கிறாங்க பாரு, அவங்ககிட்ட போய்ச் சொல்லு. பின்பக்கம் ஏன் பூசலைன்னு, அவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு. ஏறு வண்டியில."

அவன் குனிந்து மேசைக்கடியில் செருப்பைத் தேடினான். ஒன்று கிடைத்தது. மற்றொன்றும் கிடைக்கும்வரை அவள் காலரை விடவில்லை.