வெள்ளம் கேட்ட வள்ளம்

கிட்ட வாருங்கள் மக்களே, கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள். கடலில் நடந்த கூத்து ஒன்று இருக்கிறது. சிரிக்க வைக்காமல் உங்களை அனுப்பமாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு வாக்கில், கள்ளச் சரக்கு இறங்காமல் காவல் பார்க்க, குளச்சல் கடலில் சர்க்காரின் மூன்று மோட்டார் ரோந்துப் படகுகள் ஓடின. முதல் படகில் சுக்கான் பிடித்தவன் தேங்காய்ப்பட்டணத்துச் சுலைமான். அதுவும் ஒரு மாதப் பரீட்சைக்குத்தான். மதராஸ்காரரான கேப்டன் கஜேந்திரன் 'சரி' என்றால் சுக்கான் அவனுக்கே நிலைக்கும். இல்லையென்றால் பழையபடி கரையில் கயிறு திரிக்க வேண்டியதுதான். அன்றைக்குக் கடைசி நாள்.

இனயம் ஊருக்கு நேரே வரும்போது தூரத்தில் ஒரு வள்ளம். அதில் ஒருவர் துடுப்பில் துண்டைக் கட்டி ஆட்டினார்.

"வெள்ளம்! வெள்ளோம்!"

கேப்டன் துள்ளி எழுந்தார். "படகுக்குள்ள வெள்ளம் ஏறிடுச்சாம்! முழுகுறாங்க! சங்கை ஊது! நேரே விடு!"

சுலைமானுக்குச் சிரிப்பு முட்டியது. நம் பக்கத்தில் குடிக்கிற தண்ணீருக்குத்தானே வெள்ளம் என்று பேர்!

"ஐயா, அது தாகத்துக்கு..."

"வாயை மூடு! நேரே விடுன்னா நேரே விடு!"

முன்னால் பார்த்த சுலைமானுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. வரிசையாக மிதப்புக் கட்டைகள். அடியில் விரித்த வலை. நேரே போனால் வலை கந்தலாகும். வளைத்தால் சுக்கான் போகும். பாவி மனம் ஒரு கணம் தடுமாறத்தான் செய்தது. பிறகு ஒரே இழுப்பாக இடப்பக்கம் திருப்பிவிட்டான்.

"கரைக்குப் போனதும் இறங்கிடு. உனக்கு இங்க வேலை இல்ல!" என்று கத்தினார் கேப்டன்.

"சரி ஐயா" என்றான், கட்டைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள், சங்குச் சத்தம் கேட்ட மற்ற இரண்டு படகுகளும் வலை இல்லாத மறுபக்கத்திலிருந்து வந்துவிட்டன. எறிந்த மிதவை வளையம் ஒன்று, வள்ளத்தில் துண்டு ஆட்டிக்கொண்டு நின்ற மீனவர் லாசரின் கழுத்தில் மாலையாகவே விழுந்தது.

"ஏலே சுலைமான்! குடம் கவுந்து போச்சு, குடிக்க இச்சிரி வெள்ளம் கேட்டேன். அதுக்கு மாலை போடவாலே மூணு படகு?"

கேப்டன் வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"தண்ணியா கேட்டீங்க?"

"தண்ணியில்ல ஐயா, வெள்ளம்!" என்று பொறுமையாக விளக்கினார் லாசர்.

மூன்று படகிலும் சிரிப்பு அலையடித்தது. கேப்டன் மட்டும் மிதப்புக் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கா வளைச்சே?"

"ஆமா ஐயா. நேரே வந்திருந்தா அவங்க வலை அறுந்திருக்கும். நம்ம மோட்டார் விசிறியும் அதுல சிக்கி நின்னிருக்கும். பிறகு துண்டு ஆட்டுகது நாமளாக்கும்."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"வெள்ளம்னா தண்ணின்னு சொல்லத்தான் வந்தேன். அதுக்கே வாயை மூடச் சொன்னிய."

கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சுக்கான் இனிமே உன்னோடதுதான்யா. ஆனா ஒண்ணு, நான் வாயை மூடுன்னா நீ மூடாதே!"

போய் வாருங்கள் செல்லங்களே. உங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் போனவர்கள் வெயில் சாயும் முன்னே கரையேறட்டும். பிள்ளைகள் நோய்நொடி அறியாமல் வளரட்டும். உங்கள் உலையில் என்றைக்கும் ஓராளுக்குக் கூடுதலாகவே அரிசி வேகட்டும்.