ரமணீக்லால் வீட்டு வழி

மூங்கில் பாடை மாடிப்படியின் இரண்டாவது வளைவில் மாட்டிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இத்தனைக்கும் அது வெறும் பாடை. ஆள் இன்னும் மாடியில்தான் கிடந்தார்.

ஜஸுமதி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மாமனார் சுமந்த்ராய் விடிகாலையில் போய்விட்டார். இப்போது மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு டவுன் ஹாலில் நகர மரியாதை; மேயர் மாலையோடு வருகிறார். அந்த டவுன் ஹாலே கிழவர் ப்ளான் வரைந்து கட்டியதுதான். பஸ் நிலையம், நூலகம், முனைக்கு முனை தண்ணீர்ப் பந்தல் என்று ஊரில் வெயிலுக்கு ஒதுங்குகிற இடமெல்லாம் அவர் போட்ட கோடு. டவுன் ஹால் கதவில் இரண்டு யானைகள் ஒன்றையொன்று இடிக்காமல் போகலாம். சொந்த வீட்டு மாடிப்படி மட்டும் ஒன்றே முக்கால் அடி.

அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. படியை வெளியே இழுத்தால் முற்றத்தில் இரண்டடி போகும். முற்றமோ, 'போல்' என்கிற அந்தச் சந்துக் குடியிருப்பின் இருபது வீட்டுக்கும் பொது. மற்றவர்கள் கூச்சமில்லாமல் ஆளுக்கு இரண்டடி தின்றபோது, இவர் படியை வீட்டுக்குள்ளேயே இரும்பில் முறுக்கி வைத்தார். கால் தளர்ந்தபின் கீழே படுக்கச் சொன்னால் வரைபலகையை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். மூன்று வருஷமாக அந்த முறுக்கில் நாளைக்கு ஆறு தடவை தட்டோடு ஏறி இறங்கியவள் ஜஸுமதி. முற்றம் அகலமாக இருந்தது; அவள் முழங்கால்தான் போய்விட்டது.

"நாற்காலியில வச்சுக் கட்டி இறக்கிடலாமா?" என்றான் அவள் புருஷன் பத்ரேஷ், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"விறைச்சுப் போச்சு. உங்கப்பா உயிரோட இருந்தப்பவே வளைஞ்சதில்ல."

கீழே யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

வேறு வழி ஒன்று இருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாடியின் பக்கவாட்டுப் பெரிய ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டு ரமணீக்லாலின் கேலரி, தூண் வைத்த பால்கனி. பத்தொன்பது வருஷத்துக்கு முன் அனுமதியில்லாமல் முற்றத்தின் மேல் நீட்டிக் கட்டியது. சுமந்த்ராய் அதன்மேல் நாற்பத்திரண்டு மனு போட்டிருந்தார். இரண்டு தடவை இடித்தார்கள், இரண்டு தடவையும் அது முன்னைவிட ஒரு சாண் நீளமாக முளைத்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் தீபாவளி இனிப்புக்கூட கிடையாது.

அந்தக் கேலரியில் ரமணீக்லால் காலை ஏழு மணியிலிருந்தே வெள்ளை உடுத்தி நின்றுகொண்டிருந்தார். கூப்பிடாமல் வரக் கூச்சம். உள்ளே போய்விட்டால் வேடிக்கை போய்விடும்.

ஜஸுமதி முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள்.

"ரமணீக்பாய், உங்க வீட்டு வழியா பாபுஜியை எடுத்துட்டுப் போகணும்."

அவர் தூணைத் தடவினார். "இந்த கேலரி எந்த நிமிஷமும் விழுந்துடும்னு உங்க பாபுஜி எழுதியிருக்காரே, ஜஸுபென். நாப்பத்திரண்டு தடவை."

"நாலு பேரைத் தாங்குமா, தாங்காதா? அத மட்டும் சொல்லுங்க. எனக்கு நிக்க முடியல."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாலா? சங்கராந்திக்கு முப்பது பேர் நின்னு பட்டம் விட்டிருக்கோம்! கோகிலா, கூடத்து ஊஞ்சலைக் கழட்டு!"

கிழவரை வெள்ளைத் துணியில் சுற்றி ஜன்னல் வழியாக நீட்டினார்கள். தலைமாட்டை வாங்கிக்கொண்டவர் ரமணீக்லால்தான். கிழவர் ஒருநாளும் கால் வைக்காத கேலரியில், ஒருநாளும் உட்காராத ஊஞ்சல் கூடத்தைத் தாண்டி, முற்றத்தில் திருடிய நாலடிப் படியில், எங்கேயும் இடிக்காமல் இறங்கினார்.

மாட்டிய பாடையை அறுத்தெடுத்து முற்றத்தில் மறுபடி கட்டியிருந்தார்கள். கீழே மலர்வளையத்தோடு மாநகராட்சிப் பொறியாளர் காத்திருந்தார். போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர். எந்தக் கோப்பையும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. தொழில் பழக்கம், கண் மேலே போனது.

"இது முற்றத்துக்கு மேல வருதே? யார் போட்ட ப்ளான்?"

பாடைக்குத் தோள் கொடுத்திருந்த ரமணீக்லால் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். பத்ரேஷ் முதல்முறையாகப் போனை இறக்கினான்.

கேலரியில் நின்ற ஜஸுமதி சொன்னாள்: "பாபுஜி போட்டது."

"ஐயாவா!"

"பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டாங்க. வரைஞ்சு கொடுத்தார்."

பொறியாளர் கைகூப்பினார். "அதான பார்த்தேன். கோட்டைப் பார்த்தாலே தெரியுது." பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். மேயர் வாசிக்கப் போகிற பட்டியல். பஸ் நிலையத்துக்கும் நூலகத்துக்கும் கீழே கேலரியும் ஏறியது.

ரமணீக்லால் நிமிர்ந்து மேலே பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்தவர்கள் "ராம் போலோ பாய் ராம்" என்று கிளப்பிவிட, தோளில் இருந்த பாரம் அவரையும் இழுத்துக்கொண்டு போனது.

பெண்கள் நின்றுவிட்டார்கள். ஜஸுமதி வந்த வழியே ஜன்னல் தாண்டி அறைக்குள் இறங்கினாள். அறையைக் கழுவ வேண்டும். வாளி கீழே இருந்தது. இறங்கி எடுத்துவரத் தெம்பில்லை.

வரைபலகையில் நாற்பத்து மூன்றாவது மனு பாதியில் நின்றிருந்தது. நடுங்கின எழுத்து. 'முற்றத்துக்கு மேலே இருக்கும் வானமும் முற்றத்தைச் சேர்ந்ததே. ஆகையால் ஆணையர் அவர்கள்' வரைக்கும் வந்திருந்தார். பேனா திறந்தே கிடந்தது. மூடி போட்டாள்.

"ஜஸு." ஜன்னலுக்கு வெளியே கேலரியில் ரமணீக்லாலின் மனைவி கோகிலா. கையில் தேநீர். "உங்க வீட்டுல இன்னிக்கு அடுப்பு கிடையாது. இந்தா, பிடி."

கொதிக்கக் கொதிக்க இருந்தது. விரல் பொறுக்கவில்லை. அந்தப் பலகையில் யாராவது கப் வைத்தால் கிழவர் போடுகிற சத்தம் முற்றத்துக்கே கேட்கும்.

ஜஸுமதி கப்பை மனுவின் மேல் வைத்தாள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஆறட்டும் என்று காத்திருந்தாள்.