இரண்டாவது குண்டு

கல்குவாரியில் அமீர் ஹவில்தார் சுட்ட இருபது குண்டுகளும் தடையில்லாமல் வெடித்தன. கடைசிச் சத்தம் எதிர்மலையில் மோதி அடங்கியதும், கூடியிருந்தவர்கள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. என் அப்பாவைப் பார்த்தார்கள்.

"துப்பாக்கிக்கு ஒரு நோவும் இல்ல சார்," என்று ரேஞ்சர் கீர்த்திவாசனிடம் சொன்னார் அமீர். "புடிச்சிருந்த கைக்குத்தான் நோவு."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் சகாயமேரி அக்கா. அவள் புருஷன் சில்வஸ்டர் அண்ணன் இடுப்பில் கட்டோடு ஜீப்பில் சாய்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மார்கழிப் பனி கொட்டிய ஒரு விடிகாலையில், பைக்காராவுக்கு மேலே இருக்கும் வேட்டைத் தடுப்பு முகாமிலிருந்து அப்பாவும் அவரும் ரோந்து போயிருந்தார்கள். துப்பாக்கி அப்பாவிடம், தடி அவரிடம். கைவிட்ட எஸ்டேட் ஒன்றின் நடுவே பாதை போகிறது. தேயிலை விலை விழுந்த பிறகு அங்கே யாரும் இலை பறிப்பதில்லை. இடுப்பளவு நிற்க வேண்டிய செடிகள் மரமாகிவிட்டன. உள்ளே எது நின்றாலும் தெரியாது. அன்றைக்கு நின்றது காட்டெருமை. அப்பா வானத்தைப் பார்த்து ஒரு குண்டு சுட்டார். அது மிரண்டு சில்வஸ்டர் அண்ணன் பக்கம் பாய்ந்தது. இரண்டாவது குண்டு வரவில்லை. துப்பாக்கியின் பூட்டு பாதியில் நின்றுவிட்டது, காலால் உதைத்தும் நகரவில்லை என்பது அப்பாவின் பேச்சு. அதற்குள் கொம்பு அண்ணனின் இடுப்பைக் கிழித்துவிட்டது.

விசாரணையில் அண்ணன் சொன்னது வேறு. "ஒண்ணு சுட்டான். அப்புறம் திரும்பியே பாக்காம ஓடிட்டான்."

துப்பாக்கியில் கோளாறா, ஆளிடம் கோளாறா என்று பார்க்கத்தான் போலீஸ் ஆயுதக் கிடங்கிலிருந்து அமீரை வரவழைத்திருந்தார் ரேஞ்சர். அதுவரை சீல் வைத்துப் பூட்டியிருந்த அதே துப்பாக்கி அன்று காலை முழுக்க ஜீப்பின் பானெட் மேல் வெயிலில் கிடந்தது. அமீர் அதைத் தன் பிள்ளையைப் போலக் கையில் ஏந்திக்கொண்டு பேசினார்.

"பழைய துப்பாக்கியில ஒவ்வொரு தடவையும் கையால இழுத்துப் பூட்டணும். இது பிஸ்டன் துப்பாக்கி. குண்டு போற வேகத்துல வர்ற புகையே பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பூட்டைத் தள்ளும். காலி ஓடு வெளிய, அடுத்த தோட்டா உள்ள. சேத்துல போடுங்க, மழையில போடுங்க, சுடும். எனக்கு வயசாகும், இதுக்கு ஆகாது."

"அப்ப பாதியில நிக்காதா?" என்றார் ரேஞ்சர்.

"இதுவா? ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுட்டு நாளைக்கழிச்சு கெளம்பிடறேன் சார்."

அப்பா தற்காலிகக் காவலர். எங்கள் சின்னத் தோட்டத்து இலை பறிகூலிக்கே கட்டுப்படியாகாமல் போன வருஷம் இந்த வேலைக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்த வருஷம்தான். அமீரின் ரிப்போர்ட் போனால் வேலை போய்விடும். ஓடிப்போனவன் என்ற பேரோடு வேறு எங்கும் யாரும் சேர்க்கவும் மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் சகாயமேரி அக்கா என் குடத்தைக் காலால் ஓரம் தள்ளினாள்.

"உங்கப்பனை ஒலிம்பிக்குக்கு அனுப்புங்கடி. ஓட்டத்துல எல்லா மெடலும் நம்மூருக்குத்தான்."

நான் பதில் சொல்லவில்லை. யாருக்கும் நான் பதில் சொல்வதில்லை. கடைக்குப் போனால்கூட சாமானைக் கையால் காட்டித்தான் வாங்குவேன்.

"ஊமைக் கோட்டான்," என்றாள் அக்கா. "பேச வாயிருந்தா கேளு உங்கப்பனை. எம்புருசன் தரையில கெடக்கறப்ப எந்தப் பக்கம் ஓடுனான்னு."

மறுநாள் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. அம்மா என் தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் சாய்த்து உருக்கிக்கொண்டிருந்தாள். இந்த மலையில் எல்லா வீட்டிலும் காலையில் நடப்பதுதான். உருக்காமல் ஒரு சொட்டு விழாது.

"ஏனுங்க, நெசமாவே நின்னுதுங்களா அது?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள். எத்தனையாவது முறை என்று தெரியவில்லை.

"நீயும் அதே கேக்கற பாத்தியா மருதாம்பா? புடிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சுன்னு எத்தனை தடவ சொல்றது? மெழுகுக்குள்ள கைய உட்டு இழுக்கற மாதிரி. வெயில் ஏறுன பொறவு தானா வந்துச்சு."

நான் பாட்டிலைப் பார்த்தேன். ஓரத்தில் மட்டும் உருகி, நடுவில் எண்ணெய் வெள்ளைக் கட்டியாக நின்றது.

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள் முகாமில் சில்வஸ்டர் அண்ணன் இதையேதான் செய்துகொண்டிருந்தார். அடுப்பில் ஒரு டம்ளரில் எண்ணெயை உருக்கி, வரிசையாக நிறுத்தியிருந்த நாலு துப்பாக்கிகளையும் பிரித்துப் பிரித்து உள்ளே ஊற்றினார். வாசனை வந்ததும் நான் நின்று பார்த்தேன். "என்ன பாக்கற? இவளுகளுக்கும் தலை காஞ்சு கெடக்குதில்ல?" என்று சிரித்தார். அவர் கீழே முதுமலைக் காட்டில் வெகுநாள் வேலை பார்த்தவர். அங்கே எண்ணெய் உறையாது. இங்கேயும் உருக்கித்தானே ஊற்றினார். ஊற்றும்போது தண்ணியாகத்தான் இருந்தது. ராத்திரிப் பனியில் உள்ளேயே மறுபடி உறையும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

பாட்டிலை எடுத்து அப்பா கையில் கொடுத்தேன்.

"இதுதாங்கப்பா. சில்வஸ்டர் அண்ணன் இதைத்தான் ஊத்துனாங்க. நான் பாத்தேன்."

அப்பா பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார். நடுக்கட்டி அசையவில்லை. பாட்டிலை அடுப்போரம் வைத்துவிட்டு எழுந்தார்.

"பனியில சுட்டுப் பாக்கச் சொல்றேன். பேரு சொல்ல மாட்டேன். அவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு டிபார்ட்மெண்ட்ல இருந்து வருது, அதைக் கெடுக்கக் கூடாது."

"அவன் உங்க சோத்தைக் கெடுக்கறானே!" என்றாள் அம்மா.

"உள்ள போ."

பெர்ன்ஹில்லில் ரேஞ்சர் தங்கியிருந்த குவாட்டர்ஸுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அமீர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் நின்றபடியே சொன்னார்.

"நீங்க வெயில்ல சுட்டீங்க. கேம்ப்ல இருக்கற இன்னொண்ணை எடுத்து விடியறப்ப பனியில சுட்டுப் பாருங்க."

"வெயிலு பனி பாக்க இது என்ன புதுப்பொண்ணாய்யா?"

"அப்புறம் ஏனுங்க பயப்படறீங்க?"

அமீர் டம்ளரை நங்கென்று வைத்தார். "சார், நாளைக்கு விடிகாலை சுடறேன். சுட்டுதுன்னா இவனை என் முன்னாடி நிக்க வெச்சு யூனிபார்மைக் கழட்டுங்க."

"கழட்டிடலாம்," என்றார் ரேஞ்சர், அப்பாவைப் பார்க்காமலே.

மறுநாள் முகாமுக்கு முன்னால் அதே கூட்டம். சகாயமேரி அக்கா புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவின் யூனிபார்ம் கழலுவதைப் பார்க்க வந்ததாகச் சொல்லியே வந்தாள். மலைக்குப் பின்னால் வானம் வெளுத்திருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. தாங்கியில் இரவு முழுக்க நின்ற துப்பாக்கிகளில் ஒன்றை அமீர் எடுத்தார். பூட்டை இழுத்து விட்டபோது அவர் முகம் லேசாக மாறியது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தோளில் வைத்தார்.

முதல் குண்டு வெடித்தது.

மறுபடி அழுத்தினார். ஒன்றும் இல்லை. பூட்டு பாதி வழியில் நின்றிருந்தது, காலி ஓட்டைக் கவ்வியபடி. இழுத்தார். துப்பாக்கியைத் தரையில் ஊன்றிக் காலால் உதைத்தார். அப்பா இத்தனை நாளும் சொன்ன அதே உதை. யாரும் சிரிக்கவில்லை.

அமீர் குந்தி உட்கார்ந்து முன்பக்கத்து மூடியைத் திருகிப் பிஸ்டனை உருவினார். வெள்ளையாக ஏதோ அப்பிக்கொண்டு வந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"எவன்டா இதுக்குத் தலை சீவி உட்டவன்?" என்று கத்தினார். "தேங்கா எண்ணெய்! ராணுவமே தூக்கிட்டுத் திரிஞ்ச துப்பாக்கிடா இது! இதுக்குத் தேங்கா எண்ணெயா?"

ரேஞ்சர் அப்பாவிடம் திரும்பினார். "யாரு போட்டது?"

"போட்டிருக்குதுங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"தெரியாதா? சரி. அன்னைக்குத் துப்பாக்கி உன் கையில இருந்துது. நீதான் போட்டேன்னு எழுதறேன். ஓடுனதுக்குப் பதிலா இதுக்கு வேலை போகும். உனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அப்பா தரையைப் பார்த்தார். சில்வஸ்டர் அண்ணனும் தரையைப் பார்த்தார். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் காத்திருந்தேன். அவர் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு இருமினார், அவ்வளவுதான்.

"சில்வஸ்டர் அண்ணன் போட்டாங்க," என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"டம்ளர்ல உருக்கி நாலுக்கும் ஊத்துனாங்க. நான் பாத்தேன். அப்பாகிட்ட நானே நேத்துதான் சொன்னேன்."

"ஜானகி!" என்றார் அப்பா.

"பொய்!" என்று பாய்ந்தாள் சகாயமேரி அக்கா. "ஊமைக் கோட்டானுக்குச் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்திருக்கான்!"

"நீ சும்மா இரு மேரி," என்றார் சில்வஸ்டர் அண்ணன். பிறகு ரேஞ்சரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார். "ஆமா, நான்தான் போட்டேன்! துப்பாக்கி எண்ணெய் தீந்துபோச்சுன்னு எத்தனை தடவ கேட்டேன்? 'எதையாச்சும் போட்டு ஓட்டு'ன்னது யாரு? துருப்புடிச்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்!"

"தேங்கா எண்ணெய் போடச் சொன்னனா?"

"வேற எதைக் குடுத்தீங்க?"

ரேஞ்சரின் கழுத்து சிவந்தது. "சரி, இவன் ஓடுனான்னு ஏன் சொன்ன? நீ கீழ கெடந்தப்ப இவன் என்ன செஞ்சிட்டிருந்தான்?"

அண்ணன் அப்பாவைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் முறையாக.

"உதைச்சிட்டிருந்தான்," என்றார். "நின்னு உதைச்சிட்டிருந்தான்."

அமீர் நாலு துப்பாக்கிகளையும் பிரித்துப் போட்டு மண்ணெண்ணெயில் கழுவச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். ரேஞ்சர் போகிற போக்கில் தீர்ப்பைச் சொன்னார். அப்பா திங்கட்கிழமை டியூட்டிக்கு வரலாம். சில்வஸ்டருக்கு வேலை இல்லை. பொய் சொன்னவனுக்கு ஆஸ்பத்திரிப் பணமும் இனி வராது. எண்ணெய் வராததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா என்னிடம் பேசாமல் முன்னால் நடந்தார். வேலை மிஞ்சியவனின் நடையாக அது இல்லை. தேயிலைச் சரிவில் இறங்கும்போது பின்னால் சகாயமேரி அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"அவருக்கு இன்னும் தையல் பிரிக்கலைடி. எங்க கொண்டு போவேன்? இப்ப சந்தோசமாடி உனக்கு?"

அப்பா நின்று திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொள்வேன் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள்.

"ஆமாக்கா," என்றேன்.

அவள் அடிக்கக் கையை ஓங்கினாள். அப்பா தடுக்கவில்லை. நானும் நகரவில்லை.